முப்பத்தைந்துக்கு மேல்

மஞ்சள் மூடிக் குழாயில்
அவள் ரத்தம் உறைய அரைமணி நேரம்.
அதுவரை அவளும் நானும்
கண்ணாடிக் கதவு வழியே பெங்களூர் ரோட்டைப் பார்த்திருந்தோம்.
மாங்காய் லாரிகள்.
தார்ப்பாய் கட்டக்கூட நேரமில்லாத மாசம்.

மாதம்மாள், நாற்பத்து மூன்று, சந்தூர்.
கூழ் கம்பெனியில் பழம் பிரிக்கிறவள்.
வலது சூல்பையில் எலுமிச்சை அளவு கட்டி என்கிறது
ஸ்கேன் சீட்டு.
நெல்லி, எலுமிச்சை, சாத்துக்குடி:
வயிற்றில் வளர்வதை
ஏன் எல்லோரும் பழக்கடைக்காரரைப் போல அளக்கிறார்களோ.

சுழற்றி எடுத்தேன்.
அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம்.
இயந்திரம் அதை உறிஞ்சி
தனக்குள் ஏதோ முணுமுணுத்து
சி.ஏ. நூற்றிருபத்தைந்து என்ற வரிக்கு நேரே
நூற்று எண்பத்தாறு என்றது.

முப்பத்தைந்தைத் தாண்டினால்
அச்சில் எழுத்து தானாகத் தடிக்கும்.
எண்ணின் பொருள் தெரியாதவர்களுக்கும்
தடிப்பை வாசிக்கத் தெரியும்.

"இது நல்லதா, கெட்டதா?
அத்த மட்டும் சொல்லிடு."

டாக்டரைப் பாருங்க என்பது
நான் தினம் நாற்பது முறை சொல்கிற வாக்கியம்.
அன்று அது தொண்டையிலேயே நின்றது.

புற்று இருந்தாலும் ஏறும் இந்த எண்.
தூரமான நாளிலும் ஏறும்.
நார்க்கட்டிக்கு ஏறும், வயிற்றுக் காசநோய்க்கு ஏறும்,
பிள்ளை உண்டானால்கூட ஏறும்.
ஊரில் எந்த வீட்டில் சத்தம் கேட்டாலும்
ஒரே மாதிரி குரைக்கிற நாய்.

எனக்கு ஒருதரம் நூற்றுப் பதினொன்று.
நானே குத்தி நானே ஓட்டிய ராத்திரி ஷிப்ட்.
ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல்
சோறு வடித்தேன், பையனின் யூனிஃபார்ம் தேய்த்தேன்,
பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று
வீட்டுக்காரருக்கு இரண்டு முறை காட்டிக்கொடுத்தேன்.
கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ்.
சாதாக் கட்டிதான், பயமில்லை என்றார்கள்.
மாதம் மூன்று நாள் என்னைத் தரையில் சுருட்டிப் போடுவதற்குப் பெயர்
சாதா.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேனா?
பாதி சொன்னேன். பீரோ சாவியைச் சொல்லவில்லை.

அவள் சீட்டை நான்காக மடித்தாள்.
"எங்க கம்பெனியில ஒரு கண்ணாடி கீது.
ஒரு சொட்டு சாறு வெச்சா
எத்தன இனிப்புனு நம்பர் காட்டும்.
கொட்டைக்குள்ள வண்டு இருந்தா மட்டும்
அதுக்குத் தெரியாது.
தோல்ல ஒரு ஓட்டையும் இருக்காது பாரு.
அறுத்தாத்தான்."

அறுப்பதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது என்றேன்.
எச்.ஈ. நான்கு. வேறு பொருள், வேறு அளவு.
உன் வலிக்கும் என் வலிக்கும் அது சுலபத்தில் அசையாது.
இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டால்
எந்த ஆஸ்பத்திரிக்கு, எவ்வளவு அவசரமாக என்றாவது தெரியும்.
இங்கே செய்ய முடியாது. பெங்களூருக்குப் போகணும்.
விலையைச் சொன்னேன்.
அவள் விரல்விட்டு எண்ணியது
ரூபாயை அல்ல, கூலி நாட்களை.

மறுபடி கை நீட்டினாள்.
மாம்பால் பட்டு வெந்த தழும்புகளுக்கு நடுவே
நரம்பு தேடினேன்.

ஐஸ் பெட்டி ராத்திரி பஸ்ஸில் ஓசூர் தாண்டிப் போனது.
மூன்றாம் நாள் வந்தது ஐம்பத்திரண்டு.
தடிக்காத எழுத்து.
மூச்சு விட்டேன், முழுதாக அல்ல.
அறுவைக்குப் பிறகு சதையைப் பார்த்துத்தான்
முடிவாகச் சொல்வார்கள். சேலத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு.
சாதா என்று ஆனவர்கள் திரும்பி வருவதில்லை.
மற்றவர்கள் வருவார்கள், மூன்று மாதத்துக்கு ஒருதரம்,
தலையில் துணி கட்டி,
அதே எண் இறங்கியிருக்கிறதா என்று கேட்க.
ஆகவே நான் அவள் வராமலிருக்கக் காத்திருக்கிறேன்.

ஆடி போனது. லாரிகள் குறைந்தன.
நேற்று காலை ரெஜிஸ்டரில்
மாதம்மாள் என்று எழுதியிருந்தது.

வயது அறுபத்தொன்று, பர்கூர்.
சர்க்கரை பார்க்கணுமாம்.
சாப்பிட்டாச்சா என்று கேட்கவேண்டியவள்
கொஞ்ச நேரம் ஊசியைக் கையில் வைத்தபடி
நின்றேன்.